எலும்பும் நான்கு அரிசிமணிகளும்

நேயர்களுக்கு வணக்கம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே கையை வையுங்கள். அங்கே இருப்பது தைராய்டு. அதன் முதுகில் அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது, வேலை வேறு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இவைதான்.

இவற்றை முதலில் கண்டது மனித உடலில் அல்ல. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர்தான் முதலில் குறித்து வைத்தார். அத்தனை பெரிய உடம்பில் இத்தனை சின்ன உறுப்பு! மனிதரிடம் இருப்பதை 1880-இல் எழுதியவர் சுவீடனைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஐவர் சான்ட்ஸ்ட்ரோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். மூட்டு வலி, அசதி, மலச்சிக்கல், இரண்டு முறை சிறுநீரகக் கல். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கால்சியம் மாத்திரை மூன்று விதம், பிரண்டைப் பொடி, பவளப் பொடி என்று ஒரு டப்பா. "எலும்பு தேயுதுன்னாங்க டாக்டர், விடாம சாப்பிடறேன்" என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்தோம். கால்சியம் பத்தரைக்குள் இருக்க வேண்டும், அவருக்குப் பன்னிரண்டு. இந்தச் சுரப்பிகள் சுரக்கும் பி.டி.எச். என்ற ஹார்மோனும் ஏறியிருந்தது. நான்கில் ஒரு சுரப்பி கட்டியாகி, வேண்டாத நேரத்திலும் எலும்பைச் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருந்த கால்சியத்தின் மேல் இன்னும் கொட்டியிருக்கிறார். அந்தக் கட்டியை எடுத்தோம். அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பசித்த எலும்பு இரத்தத்திலிருந்த கால்சியத்தை இழுத்துக்கொண்டது, அது குறைந்ததால் விரல் நுனி மரத்தது. நிறுத்தச் சொன்ன அதே மாத்திரையைச் சில வாரம் நானே கொடுத்தேன்!

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எலும்புக்கென்று எதை வாங்கும் முன்னும் கால்சியம், பி.டி.எச்., வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். வைட்டமின் டி குறைந்ததால் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது என்றால் அந்த வைட்டமின்தான் மருந்து. சுரப்பியில் கட்டி என்றால் எந்த மூலிகையும் அதைக் கரைக்காது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும்.

பிரண்டையை நான் குறை சொல்லவில்லை. கையில் நல்லெண்ணெய் தடவி, நார் உரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்த துவையல் எங்கள் வீட்டிலும் உண்டு. அது சாப்பாடு. கேழ்வரகும் அப்படித்தான், நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சுரப்பியில் கட்டி உள்ளவர்கள்கூடப் பாலையும் கேழ்வரகையும் பயந்து விட்டுவிடக் கூடாது. உணவில் கால்சியம் குறைந்தால் சுரப்பி இன்னும் எலும்பில்தான் கை வைக்கும். அவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், டப்பாவில் வரும் கூடுதல் கால்சியத்தை மருத்துவரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும்.

வெயில் பற்றியும் நடைப்பயிற்சி பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். முகத்திலும் கைகளிலும் தினமும் கொஞ்சம் உச்சிவேளை வெயில் படட்டும், படியேறுங்கள். வணக்கம்.