பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி

எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் பேர்பெற்ற ஜிம் கார்பெட்டின் துப்பாக்கி என்றால் வேட்டை விஷயம் தெரிந்தவர்கள் உடனே ஒன்றைத்தான் சொல்வார்கள்: ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள். 1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றை அவர் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் அதையொட்டிய இமயமலைப் பகுதியான குமாவுனிலுமாக அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹியூவெட் பரிசாகக் கொடுத்த ரைபிள் அது. துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு சின்னத் தகடு பதித்து, எதற்காகக் கொடுத்தது என்று பொறித்திருப்பார்கள். 1926 மே மாதம் ருத்ரபிரயாக்கின் ஆட்கொல்லிச் சிறுத்தையை முடித்ததும் அதே ரைபிள்தான். இப்போது அதைச் செய்த கம்பெனியிடமே அது திரும்பப் போய்விட்டது. நல்ல துப்பாக்கி, பெரிய புகழ். சரி, அதை இதோடு விட்டுவிடலாம். நான் பேச வந்தது அவர் சிறுவனாக இருந்தபோது கையில் இருந்த துப்பாக்கிகளைப் பற்றி.

கார்பெட் 1875-ல் நைனிதாலில் பிறந்தவர். அப்பா அங்கே போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயது முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். பெரிய குடும்பம், கையிருப்பு குறைவு. குளிர்காலத்தில் மலையைவிட்டு இறங்கி, அடிவாரத்துக் காலாதூங்கியில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வீட்டைச் சுற்றிக் காடு. பையனிடம் முதலில் இருந்தது கவண்வில். எட்டு வயதில்தான் துப்பாக்கி வந்தது. உறவுக்காரர் ஒருவர் கொடுத்தார்.

அது எப்படிப்பட்ட துப்பாக்கி தெரியுமா? இரட்டைக் குழல், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய ரகம். வலது குழல் ஆறு அங்குல நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. கட்டையும் குழலும் தனித்தனியாகக் கழன்று விழாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இன்றைக்கு யாராவது ஒரு குழந்தையிடம் இதைக் கொடுத்தால் போலீஸைத்தான் கூப்பிடுவோம்.

காலாதூங்கிக்குப் பக்கத்துக் கிராமத்தில் குன்வர் சிங் என்று ஒருவர். ஊர்த்தலைவர், கூடவே அந்த வட்டாரத்தில் பேர்போன திருட்டு வேட்டைக்காரர். பையன் அவரிடம் துப்பாக்கியைக் காட்டி, இடது குழல் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னான். அவரும் பிளந்த குழலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. ‘இனி நீ சின்னப் பையன் இல்லை, பெரிய மனுஷன். இந்தத் துப்பாக்கியோடு நம் காட்டில் எங்கே வேண்டுமானாலும் பயமில்லாமல் போகலாம். ஆனால் மரம் ஏறக் கற்றுக்கொள்’ என்கிற மாதிரி சொன்னார். மரம் ஏறத் தெரியாத அவருடைய நண்பர் ஒருவரைப் புலி கிழித்துப் போட்ட கதையையும் சொன்னார். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்த மனுஷன் கொடுத்த முதல் யோசனை மரம் ஏறு என்பது! அந்தத் துப்பாக்கியின் லட்சணத்தை அவர் சரியாகவே எடைபோட்டிருக்கிறார்.

வாய்வழித் துப்பாக்கியில் ஒரு வெடி வெடிப்பது பெரிய வேலை. முதலில் வெடிமருந்து, அதன்மேல் அடைப்பு, அப்புறம் ரவை என்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், மறுபடி அடைப்பு. எல்லாவற்றையும் நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். கடைசியாக, தட்டினால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு. இத்தனையும் முடித்து ஒரு முறை சுட்டுவிட்டால், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் கோழியாவது, மானாவது! இவனுக்கு இருந்ததோ ஒரே குழல். மருந்தும் ரவையும் காசு. அதனால் காட்டுக்கோழியின் பக்கத்தில் ஊர்ந்து போகாமல் விசையில் விரல் வைக்க முடியாது. சருகில் சத்தமில்லாமல் நடப்பது, எந்தப் பறவை எதைப் பார்த்துக் கத்துகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பது எல்லாம் அந்தக் கஞ்சத்தனத்தில் கூர்மையானவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் ஆட்கொல்லிகளைத் தேடித் தனியாக நடந்தபோது அவர் உயிரைக் காப்பாற்றியதும் இந்தக் காதுதான். (இதைக் கேட்டுவிட்டு யாரும் காட்டுக்கோழியைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள், 1972-ன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.)

அப்புறம் ரைபிள். சொந்த ரைபிள் இல்லை, இரவல். நைனிதாலில் மாணவர்களுக்கான காடெட் படையில் சேர்ந்தான். அங்கே .450 மார்ட்டினி. பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்ட ரகம். அடியில் இருக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்தால் பின்பக்கம் திறக்கும், ஒரு தோட்டா போடலாம், அவ்வளவுதான். கரிமருந்து, ஈயக் குண்டு. பெரிய ஆளையே கழுதை மாதிரி உதைக்கும்; பத்து வயதுப் பையன் தோள் என்ன பாடுபட்டிருக்கும்! பையன் சுடுவதைப் பார்த்த படை சார்ஜண்ட் மேஜர், விடுமுறைக்கு அந்த ரைபிளையும் தோட்டாவையும் எடுத்துப்போக விட்டார். துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காலித் தோட்டாக்களைத் திருப்பித் தர வேண்டும், அதுதான் நிபந்தனை. என்ன பெரிய மனசு!

அந்த இரவல் ரைபிளில்தான் முதல் சிறுத்தை விழுந்தது. குண்டு பட்டதும் சிறுத்தை அவன் தலைக்கு மேலாகவே தாவிப் போயிற்று, அதன் ரத்தம் அவன்மேல் தெறித்தது. தொடர்ந்துபோய் முடித்தான். முடித்த கையோடு வீட்டுக்கு ஓடியது அக்கா மேகியிடம் சொல்ல. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்த இந்த இருவரும் 1947-ல் சேர்ந்தே கென்யாவுக்குப் போனார்கள்.

இவ்வளவு இருந்தும், 1944-ல் வெளியாகி அவரை உலகப் பிரபலமாக்கிய நூலின் முன்னுரையில் அவர் நினைத்துப் பார்ப்பது ரிக்பியை அல்ல, மார்ட்டினியையும் அல்ல. பித்தளைக் கம்பி சுற்றிய அந்த ஓட்டைத் துப்பாக்கியைத்தான். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. வெறும் பழைய ஞாபகத்துக்காகவும் அதைக் கொண்டுவரவில்லை. புலி கொடூரமானது, ரத்தவெறி பிடித்தது என்கிற பேச்சை அவர் மறுக்க வருகிறார். அதற்குச் சாட்சியாகத்தான் இந்தத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கிறார். இன்றைக்கு ஒரு புலி இருக்கிற இடத்தில் அன்றைக்குப் பத்து இருந்தன. அந்தக் காட்டில் ஒரு சிறுவன் இதை வைத்துக்கொண்டு அலைந்தான், இருட்டிய இடத்தில் சின்னதாக நெருப்பு மூட்டிப் படுத்துத் தூங்கினான், நடுநடுவே புலி குரல் கேட்டு விழித்தான். எதுவும் அவனைத் தொடவில்லை. கையில் நல்ல ரைபிள் இருந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. துப்பாக்கிக்குப் பயந்து புலி ஒதுங்கியது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பிளந்த குழலுக்கு எந்தப் புலி பயப்படும்?

ஒருநாள் அரைடஜன் காட்டுக்கோழிகளைக் குறிவைத்து ஒரு இலந்தைப் புதர் வரைக்கும் ஊர்ந்து போயிருக்கிறான். எட்டிப் பார்க்கும்போது புதரே எழும்பி அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு புலி வெளியே வந்து, அந்தப் பக்கம் நின்று, திரும்பி இவனைப் பார்த்தது. ‘டேய் பொடியா, இங்கே உனக்கு என்ன வேலை?’ என்று அது கேட்ட மாதிரி இருந்ததாம். பதில் வரவில்லை. அது பாட்டுக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல், மெதுவாக நடந்து போய்விட்டது.