பெஞ்சில் உட்கார்ந்தவர்

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டி முடிந்து, பரிசளிப்பு மாலையில் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம். கோப்பை வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் பின் வரிசையோடு பேசுகிறேன். காலையிலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் வந்திருக்கிறீர்களே, உங்களோடு. நானும் உங்கள் கட்சிதான். நாங்கள் நெட்பால் கம்பத்தில் பலகையை ஆணியடித்து ஆடிய காலத்தில், ஆடியதைவிட அந்தப் பலகையை நான் தாங்கிப் பிடித்த நேரம்தான் அதிகம்.

டைரன் லூ என்று ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர். ஆறடி. நம் வீட்டில் ஆறடி என்றால் நிலையில் தலை இடிக்கும், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அது குள்ளம். 1998 முதல் 2009 வரை 11 சீசன், ஏழு அணிகளுக்கு ஆடினார். உன்னை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டோம் என்பார்கள், இவர் பெட்டியைக் கட்டுவார். அவராவது பரவாயில்லை. அங்கே பத்து நாள் ஒப்பந்தம் என்றே ஒன்று உண்டு. 1860-இல் தொடங்கி நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்குக் கைநாட்டு வைத்ததுகூட ஐந்து வருடத்துக்கு! சரி, கூலியில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது.

2001 இறுதிச் சுற்று, முதல் ஆட்டம். நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. லூ அப்போது ஆடிய லேக்கர்ஸ் அணி அவருக்குக் கொடுத்த வேலை, எதிரணியான ஃபிலடெல்ஃபியாவின் நட்சத்திரம் ஆலன் ஐவர்சனை நிழல்போல ஒட்டிக்கொள்வது. கூடுதல் நேரத்தில், லேக்கர்ஸ் பெஞ்சுக்கு நேர் முன்னால் ஐவர்சன் பந்தைக் கூடையில் போட்டார். தடுமாறி விழுந்து கிடந்த லூவைக் கால் தூக்கித் தாண்டிப் போனார். அன்று ஐவர்சனுக்கு 48 புள்ளி, ஆட்டமும் அவர்கள் பக்கம். அந்தக் காட்சியை நீங்கள் போனில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அடுத்த நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது லேக்கர்ஸ். அதை யார் பார்க்கிறார்கள்?

ஏழு அணி என்றால் ஏழு விதமான ஆட்டம். போன வாரம் படித்ததை மறந்து இந்த வாரம் புதிதாகப் படிக்க வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவனுக்காக அணியே மாறும். பெஞ்சில் இருப்பவன்தான் யார் எங்கே நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பிற்பாடு பயிற்சியாளருக்கு வேண்டிய சரக்கு அதுதானே?

அப்புறம் 2016. கிளீவ்லாந்து அணி நடு சீசனில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, துணையாக இருந்த லூவிடம் பொறுப்பைக் கொடுத்தது. இறுதிச் சுற்றில் எதிரே கோல்டன் ஸ்டேட். அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த அணி. அவர்களுடைய பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரும், விளையாடிய காலத்தில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்தான். கிளீவ்லாந்து ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியது. இறுதிச் சுற்றில் அந்த நிலையிலிருந்து அதுவரை எவரும் மீண்டதில்லை. இவர்கள் மூன்று ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார்கள். ஏழாவது ஆட்டம் 93-89. அதன் இடைவேளையில் தன் அணியின் பெரிய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸையே பார்த்து, நீ இன்னும் நன்றாக ஆட வேண்டும் என்றாராம் லூ. லெப்ரானுக்குக் கோபம். ஊர் பார்க்கத் தாண்டப்பட்ட மனிதர், யாருடைய கோபத்துக்கு அஞ்சுவார்?

மணி அடித்ததும் எல்லாரும் நடுவே ஓடிக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். லூ அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்து அழுதார்.

வெளியே பீன்ஸ் பன்னி, ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு நிரப்பிய நம் ஊர்ச் சாப்பாடு, ஆறுகிறது. பின் வரிசை முதலில் எழுந்து போகட்டும்.