இறக்கத்தில் இரண்டாவது கியர்

வணக்கம் நேயர்களே. நாமக்கல்லில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் ஞாயிறு சாயங்காலம் என் வாசலில் நிற்பதெல்லாம் கொல்லிமலையிலிருந்து இறங்கிய கார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு! "அண்ணே, பிரேக்கே பிடிக்கல" என்று முகம் வெளுத்துப்போய் வருவார்கள். நான் முதலில் கேட்பது, "எந்த கியரில் இறங்கினீங்க?"

உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், சுடும். பிரேக்கும் அப்படித்தான், வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. இறக்கம் முழுக்கப் பெடலில் காலை வைத்தே வந்தால் அது ஆறுவது எப்போது? சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் பிடிமானம் குறையும். இன்னும் சூடேறினால், பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் கட்டும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கிவிடும். பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும்.

ஒரு குடும்பம் வந்தது. ஓட்டியவர் மாப்பிள்ளை. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டிருக்கிறார். காலுக்குத் துணையாக நிற்கும் பூஸ்டர், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கியது, அப்புறம் பெடல் கல். ஸ்டியரிங்கும் திரும்பவில்லை. மலைப்பக்கம் உரசி நிறுத்தினார்களாம், ஒரு பக்கக் கண்ணாடி போனதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கால வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. மாப்பிள்ளை மிச்சம் பிடித்தது எதை? அதோடு விட்டாரா, கொதிக்கிற டிஸ்க்கில் குடிதண்ணீரை வேறு ஊற்றினார். டிஸ்க் கோணிவிட்டது. மாமனார் என்னிடம் பேசவே இல்லை, பில்லை மட்டும் இரண்டு தரம் பார்த்தார்.

அதனால் சொல்கிறேன்: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது. வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி மிதித்து, காலை எடுத்துவிடுங்கள். கருகல் வாடை வந்தால் சமதளத்தில் ஓரங்கட்டி, கல் முட்டுக் கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கொரு தரம் மாற்றச் சொல்கிறோம். அளவு இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கோ கசியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். ஒன்று மட்டும்: ஆபத்தில் பெடல் காலடியில் படபடவென்று துடித்தால் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஆ, இன்னொன்று, ஓட்டுநர் காலடியில் தண்ணீர் பாட்டில் உருள விடாதீர்கள், பெடலுக்கு அடியில் போய்... சரி, வணக்கம்.