கெஸ்ட்டாக வரமாட்டேன் என்று அடம்பிடித்த விண்டோஸ் | மாடி ரூம் வ்லாக்

வணக்கம் மக்களே. ஏற்காட்டு மிளகுப் பறிப்பு வீடியோ ஞாயிறு வரும் என்று சொல்லியிருந்தேன், இன்றைக்குச் செவ்வாய், இன்னும் வரவில்லை. எடுத்த ஃபைலே என் கைக்கு வராமல் போய்விட்டது, அந்தக் கடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டுத் தறி. அம்மாப்பேட்டையில் அது நிற்காது, கமெண்டில் திட்டாதீர்கள்.

மூடி உடைந்த என் பழைய லேப்டாப் உங்களுக்குத் தெரியுமே, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு, எல்லா வீடியோவையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, சாம்பா என்ற சாஃப்ட்வேர் வழியாக நெட்வொர்க்கில் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஷேர் பண்ணி வைத்திருக்கிறேன். அதை முன்பு இருந்த விண்டோஸ் 10 ஹோம் லேப்டாப்பிலிருந்து கிளிக் பண்ணினால், பாஸ்வேர்டே கேட்காமல் கெஸ்ட்டாக, அதாவது விருந்தாளியாகத் திறக்கும். போன வாரம் வாங்கிய புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 என்ற வெர்ஷன். கிளிக் பண்ணினால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட்டைத் தடுக்கிறது என்கிறது. நிறுவனமா? இந்த ரூமில் நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான் நிறுவனம்.

கடையில் கேட்டேன், கேபிள் கோளாறு என்றார்கள். 350 ரூபாய். முந்நூற்று ஐம்பது! பத்து தட்டுவடை செட் சாப்பிட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து சொருகினால் அதே மெசேஜ், எழுத்து மாறாமல். அப்புறம்தான் உறைத்தது, கெஸ்ட்டை ஏற்கமாட்டேன் என்று சண்டை போடும் அளவுக்கு இரண்டும் பேசிக்கொள்கின்றன என்றால் லைன் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கேபிளைத் திருப்பித் தரவும் முடியாது, பாக்கெட்டைக் கிழித்துவிட்டேன்.

சரி, விஷயம் இதுதான். விண்டோஸ் முதலில் தன் சொந்த யூசர் பெயரைத்தான் அனுப்புகிறது. மின்டில் அப்படி யாரும் இல்லை. சாம்பா பெரிய மனசு பண்ணி, தெரியாத ஆளா, கெஸ்ட்டாக வா என்கிறது. புது ப்ரோ, கெஸ்ட்டாக நான் வரமாட்டேன் என்று வாசலிலேயே திரும்பிவிடுகிறது. அதனால் மின்ட் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் நானே கொடுத்தேன், ஆறு தடவை. அப்போதும் அதே நிறுவனப் புராணம்! ஏனென்றால் லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு வேறு, சாம்பா வைத்திருக்கும் பட்டியல் வேறு. அந்தப் பட்டியலில் என் பெயரே இல்லை, என் சொந்த வீட்டில் நானே அந்நியன்.

அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்க, மின்டில் கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் சூடோ, எஸ்எம்பிபாஸ்வேர்டு, மைனஸ் ஏ, பிறகு யூசர் பெயர். அவ்வளவுதான், ஒரு வரி. எஸ்எம்பிபாஸ்வேர்டு என்று டைப் பண்ணும்போது கடைசியில் ஓ, ஆர் இரண்டு எழுத்தும் வராது, அதில் வேறு கால் மணி நேரம் போனது.

அட, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அது முடிந்ததும் உடனே திறக்கவில்லை, 1219 என்று ஒரு எரர் வந்தது. ஒரே மெஷினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் போகக்கூடாதாம். பழைய இணைப்பைத் துண்டிக்க, விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ், ஸ்டார், ஸ்லாஷ் டெலிட் அடித்தேன். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். திறந்ததே! நான் கத்தியதில் அக்கா கீழேயிருந்து ஓடி வந்தாள்.

வந்தவள் தன் மேக்கில், வேறு மெஷினோடு இணைக்கும் கமாண்ட் கே தட்டி, முதல் தடவையிலேயே மின்டுக்குள் போய்விட்டாள். எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! ஆனால் என் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வர அவளும் திணறினாள், நான் சொன்ன நாலு இலக்கப் பின் நம்பரையே போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பின் நம்பர் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். நெட்வொர்க்கில் வந்தால் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டின் முழு பாஸ்வேர்டு வேண்டும், அது எனக்கே ஞாபகம் இல்லை, மாற்ற வேண்டியதாயிற்று.

கெஸ்ட்டைத் திரும்ப ஆன் பண்ணினால் போதும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 24எச்2 ப்ரோவில் அதற்காக எஸ்எம்பி சைனிங்கையும், அதாவது ஃபைல் ஷேரிங்கில் போகும் தகவலை யாரும் நடுவில் மாற்றாமல் காக்கும் கையெழுத்தையும் அணைக்க வேண்டும், கெஸ்ட்டால் சைன் பண்ண முடியாது. ஒரு வரி அடிக்கச் சோம்பல் பட்டு இரண்டு பூட்டைக் கழற்றுவார்களா?

காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, 62 ஜிபி. மிளகு வீடியோ வியாழக்கிழமை. இந்தத் தடவை நிஜமாகவே.