பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும்?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. அவருடைய மாமியார் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார். கறை போகவில்லை என்று அதன் மேலேயே டாய்லெட் ஆசிடையும் ஊற்றிவிட்டார். கண் எரிச்சல், விடாத இருமல், கையெல்லாம் வழவழப்பு. பால் குடிக்கக் கொடுத்து, கையில் எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை அம்மா. அங்கே கிளம்பியது குளோரின் வாயு. 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, அதனால் தரையோடு தங்கும். நம் வீட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்துதானே தேய்க்கிறார்கள்? மூக்கு இருக்கும் உயரத்தில்தான் வாயுவும் நிற்கிறது. ஜன்னலும் சாத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே போன குளோரின் மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி, அங்கேயே புண்ணாக்குகிறது. நிறைய சுவாசித்திருந்தால், இருமல் அடங்கிச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். பகலில் நன்றாக இருந்தவருக்கு ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே முதலில் வெளிக்காற்றுக்குக் கூட்டி வாருங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் இருமல் நின்றாலும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது.

அப்புறம் அந்த வழவழப்பு. அழுக்கு போன வழவழப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிளீச் கடுமையான காரம். தோலில் உள்ள கொழுப்பையே அது சோப்பாக மாற்றுகிறது, அதைத்தான் விரல் உணர்கிறது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். பொடி ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். நனைந்த உடையை மாற்றிவிட வேண்டும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவும் அமிலம்தான், கையில் மிச்சமிருக்கும் பிளீச்சோடு சேர்ந்தால் அங்கேயும் குளோரின் வரும், புண்ணும் கூடும். கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரித்துப் பிடித்து அதே அளவு நேரம் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மாமியாருக்கு இப்போதும் மாடி ஏறும்போது இளைப்போ, ஊதுபத்திப் புகைக்கே இருமலோ வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தடவை பலமாகப் பட்டாலும் ஆஸ்துமா மாதிரித் தொந்தரவு மாதக்கணக்கில் நிற்பதுண்டு. அப்படி இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த இரண்டு டப்பாக்களின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.