கெவின் மவாயும் நம் ஞாயிறு வகுப்பும்

(டெம்பியில் தமிழர் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊரிலிருந்து நேற்றுதான் வந்திறங்கி, தூக்கக் கண்ணோடும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, விடியலிலிருந்து சாம்பார் அண்டாவை விட்டு நகராத அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்தார். பொன்னாடையிலேயே இரண்டு போய்விட்டது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்வேன், உங்களுக்குத் தெரியும். இன்று மூன்று செய்திகள்: கெவின் மவாய் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீரர் யார், கல்லூரிக்கு என்னவாக வந்தார், கல்லூரி ஃபுட்பாலில் பணம் படுத்தும் பாடு.

2018 செப்டம்பர் 8. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணி, நம் ஊர் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு இங்கே ஆட வந்த இரவு. மகன் இழுத்துக்கொண்டு போனான். இருட்டிய பிறகும் அலுமினிய பெஞ்சு தோசைக்கல் மாதிரி சுட்டது. துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். பந்து எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. "அப்பா, பந்தை விடுங்க, சென்டரைப் பாருங்க" என்றான். பார்த்தேன். வரிசை நடுவில் நிற்கும் அந்தச் சென்டர் குனிந்து, கால் நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கிறான். கை காலியான அதே நொடியில் எதிராளி வந்து மோதுகிறான். விழுகிறான், எழுகிறான், மறுபடி குனிகிறான். ஆட்டம் முழுக்க இதே வேலை! கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுத்த ஃபீல்டு கோலில் அரிசோனா ஸ்டேட் 16-13 என்று வென்றது. எங்களைச் சுற்றி எல்லாரும் உதைத்தவனையே கொண்டாடினார்கள். நான் மட்டும் அந்தச் சென்டர் பையன் தண்ணீர் குடித்தானா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும்போது மகன் மவாயைப் பற்றிச் சொன்னான். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் 16 பருவம், 241 ஆட்டம், சென்டர். 2004-இல் ஜெட்ஸ் அணியில் கர்ட்டிஸ் மார்ட்டின் பந்தோடு 1,697 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தபோதும், 2009-இல் டைட்டன்ஸ் அணியில் கிறிஸ் ஜான்சன் 2,006 யார்டு ஓடியபோதும் முன்னால் நின்று வழி திறந்தவர்களில் இவர் ஒருவர். ஓடியவர்களுக்குத்தான் பேர். முச்சாணும் ஓடாது என்றேனே!

அப்படிப்பட்டவர் 2018-இல் அரிசோனா ஸ்டேட்டுக்கு வந்தார். தலைமைப் பயிற்சியாளர், ஜெட்ஸில் இவருக்கே பயிற்சியாளராக இருந்த ஹெர்ம் எட்வர்ட்ஸ். மவாய்க்குக் கிடைத்த பதவி 'அனலிஸ்ட்'. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அன்றைய விதிப்படி அனலிஸ்ட் களத்தில் இறங்கி மாணவனுக்குச் சொல்லித்தரக் கூடாது. வீடியோ பார்க்கலாம், குறிப்பு எழுதலாம். 2024-இல்தான் அந்த விதி தளர்ந்தது. என்எஃப்எல்லின் நட்சத்திர வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ப்ரோ பௌலுக்கு எட்டு முறை தேர்வானவர், வயது 47, ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறார். அந்த வேலையில் இருக்கும்போதே, 2019-இல், ஃபுட்பாலின் பெருமைக்குரியோர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமும் வந்தது.

இங்கேதான் நம் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வருகிறேன். ஆமாம், சிரியுங்கள். இந்த அரங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். "துணை ஆசிரியராக வாருங்கள்" என்றால், "நானா, துணையா?" என்கிறார்கள். ஒன்றாம் நிலை வகுப்பில் ஒரு குழந்தை இன்னும் 'ழ' வராமல் நாக்கை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மணி அடிக்கிறார் செயலாளர். சரி, பண விஷயம் அடுத்த ஆண்டு. காப்பி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயர், இரண்டாவது காலி. தலைவர் அவர்களே, உங்கள் சட்டைப் பையில் பேனா இருப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன்.