இடது கதவில் தொடங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய லாரிக்குப் புது பெயிண்ட் அடிக்கச் சங்ககிரிப் பக்கம் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. புதுப் பெயிண்டைப் பழசாக்கத்தான் ஆள் குறைவு. படப்பிடிப்புக்கோ, ஏற்காட்டில் கடை வாசலில் நிறுத்தவோ மூக்கு வைத்த பழைய லாரியைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் அதன் புதுப் பெயிண்டைப் பழசாகக் காட்டக் கிரைண்டரை எடுத்து உடம்பெல்லாம் கீறிவிடுகிறார்கள். அது ஓடித் தேய்ந்த லாரி மாதிரி இருக்காது, நாய் பிறாண்டிய லாரி மாதிரி இருக்கும்.

பெயிண்ட் தேய்வது கை, கால், வெயில், மழை என்ற நான்கால்தான். இவை படாத இடத்தில் தேயாது. இதை நான் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது கதவை நினைத்துப் பாருங்கள். அது கிளீனர் உட்காரும் பக்கம். சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதும், ஏற்காட்டு மலையின் இருபது கொண்டைஊசி வளைவிலும், "வரலாம், வரலாம்" என்று வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டுவார். தட்டித் தட்டி, கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பு போயிருக்கும். வலது கதவில் அப்படி இருக்காது. அங்கே டிரைவரின் முழங்கை, ஜன்னல் விளிம்பை மட்டும் வழித்திருக்கும். ஒரே லாரி, இரண்டு கதவு, இரண்டு தேய்மானம். இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். படிக்கட்டில் செருப்பு படும் நடுப்பகுதி, கைப்பிடியைச் சுற்றி நகம் படும் இடம், பானட் விளிம்பு எல்லாம் இதே கணக்குத்தான்.

வேலைக்கு வருவோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பசையை எடுங்கள். தேய்க்கப் போகும் இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அடியில் பட்டி, அதாவது பள்ளம் அடைக்கப் பூசும் பசை, கனமாக இருக்கிறது. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் இரும்பு வராது, பட்டியின் சாம்பல் நிறம்தான் வரும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கட்டை வைக்காமல் விரலால் தேய்க்க வேண்டும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இரும்பு, அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சு, அதற்கு வெளியே மங்கிய நிறம். இடையிலுள்ள சிவப்பு வளையம் இல்லாமல் நிறத்திலிருந்து நேராக இரும்புக்குத் தாவினால் கள்ளத்தனம் தெரிந்துவிடும். ஓரங்களை 600-ஆல் இழைத்துவிடுங்கள். உலர்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், முகமூடியும் போடுங்கள்.

கூரையையும் பானட்டின் மேல்புறத்தையும் வெயில் தின்கிறது. பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை வெயிலில் சிதைந்து, நிறப்பொடி மட்டும் மேலே நிற்கும். கையால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டுவது அதுதான். அதற்கு 600, பிறகு 1000. மேலே வெள்ளை எமல்ஷன் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, துணியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. வட்டமாகத் துடைக்காதீர்கள், மழை வட்டமாகப் பெய்வதில்லை.

துருவுக்குச் சிலர் தரைக்குப் போடும் சிவப்புக் காவிப்பொடியைப் பூசுகிறார்கள். தப்பில்லை, அதுவும் இரும்பு ஆக்சைடுதான். நிஜத் துருவே வேண்டுமென்றால், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 500 மில்லி, வினிகர் 60 மில்லி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. கடையில் 6 சதவீதம் கொடுத்தால் அதே அளவு தண்ணீர் சேருங்கள். வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் தெளித்தால் சில நிமிடத்தில் செம்மை ஏறும். கையுறை அவசியம். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்த நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். உப்பு தங்கினால், கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியருக்கு அடியில் துரு ஓடிக் கொப்புளம் கட்டும். சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் பக்கம் இந்தக் கலவை போகவே கூடாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். மழைக்கறையைப் பற்றிப் பேச நினைத்தேன், விட்டுவிடுகிறேன். கிளியரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பளபளக்காத மேட் கிளியர்தான், மெல்லிசாக இரண்டு கோட். எனாமல் மேல் என்.சி. தின்னர் என்ற காட்டமான கரைப்பான் கலந்ததை அடித்தால் பெயிண்ட் சுருண்டு தூக்கிக்கொள்ளும், மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். ஏற்காட்டுக்குப் போகிற லாரியாக இருந்தாலும் கிளியரைச் சேலத்து வெயிலிலேயே காயவிட்டு ஏற்றுங்கள். மேலே பனிமூட்டத்தில் அடித்தால் பால் கொட்டியது போல வெளுத்துவிடும். வணக்கம்.